எது பன்முகக் கலாச்சாரப் புத்தகம்? அமெரிக்க நூலகங்களின் கணக்கு வழக்கு

கொடைக்கானலுக்கும் மெட்ராஸுக்கும் இடையில் ஒரு ரயில் பயணத்தில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் சிறுவர் கதை ஒன்று உண்டு. எழுதியவர் ஹெலன் பானர்மன், ஸ்காட்லாந்துக்காரர், கணவர் இந்திய மருத்துவப் பணியில் டாக்டர். ஒரு பையனின் புதுத் துணிமணிகளைப் புலிகள் பிடுங்கிக்கொள்கின்றன. நம்மில் யார் அழகு என்று சண்டை போட்டு, மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, கடைசியில் அந்தப் புலிகள் நெய்யாக உருகிப்போகின்றன. அந்த நெய்யில் அம்மா சுட்டுப் போட்ட பான்கேக்கில் பையன் மட்டும் 169 தின்கிறான். 1899-ல் லண்டனில் 'லிட்டில் பிளாக் சாம்போ' என்ற கதையாக வெளிவந்தது. புலியும் நெய்யும் வருகிற கதை எந்த நாட்டில் நடக்கிறது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படங்கள்தான் வேறு கதை. வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையேறிக் கறுப்பர்களைக் கேலி செய்த காலம் அது, பானர்மன் வரைந்த படங்களும் அந்தச் சாயலில்தான் இருந்தன. உரிமையை 5 பவுண்டுக்கு விற்றுவிட்டதால் அமெரிக்காவில் ஆளாளுக்கு அச்சடித்தார்கள், படங்கள் இன்னும் கேவலமாயின, பல பதிப்புகளில் பையனும் அமெரிக்கத் தெற்குப் பகுதிக்கோ ஆப்பிரிக்காவுக்கோ குடிபெயர்ந்துவிட்டான்.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க நூலகங்கள் இதை ரொம்ப காலம் நல்ல சிறுவர் புத்தகம் என்றே சிபாரிசு செய்தன. கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1930களின் தொடக்கத்திலேயே, வெள்ளைக் குழந்தைக்கு இது சிரிப்பு, ஏற்கனவே அடிபட்டுப் போயிருக்கும் கறுப்புக் குழந்தைக்கு இன்னொரு அடி என்ற அர்த்தத்தில் எழுதிவிட்டார், ஆனாலும் அது அலமாரிகளை விட்டு இறங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அப்புறம் 1996-ல், ஒரே வருடத்தில், இரண்டு பேர் இந்தக் கதையை மீட்க வந்தார்கள். ஜூலியஸ் லெஸ்டர் எழுத, ஜெர்ரி பிங்க்னி படம் போட, கறுப்பினக் கதைசொல்லிகளின் வாய்மொழியில் ஒன்று. பிரெட் மார்செலினோ என்ற ஓவியர் பானர்மனின் வரிகளைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, பையனுக்குப் பாபாஜி என்று பெயர் சூட்டி, படங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்து போட்டது இன்னொன்று.

இந்த மூன்றில் எது 'மல்ட்டிகல்ச்சுரல்', அதாவது பன்முகக் கலாச்சாரப் புத்தகம்? யாரைப் பற்றிய கதை என்று கேட்டால் மூன்றும் தேறிவிடும். யார் செய்தது என்று கேட்டால் லெஸ்டர்-பிங்க்னி புத்தகம் மட்டும் தேறும், அதுவும் கறுப்பின அமெரிக்கப் புத்தகமாக. இந்தியர் எழுதிய இந்தியக் கதை என்று கேட்டால் மூன்றுமே அவுட்.

அமெரிக்க நூலகங்களில் சிறுவர் பகுதிக்குப் புத்தகம் வாங்குகிறவர்கள் அறுபது வருடமாக இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். பட்ஜெட்டில் இதற்கென்று தொகை ஒதுக்கினால், எதை அந்தக் கணக்கில் எழுதுவது என்று யாராவது முடிவு செய்தே ஆக வேண்டும். குறுகலான விளக்கம் ஒன்று உண்டு: அமெரிக்காவில் நிறத்தாலும் இனத்தாலும் ஓரங்கட்டப்பட்டவர்கள், அதாவது கறுப்பர்கள், பூர்வகுடிகள், லத்தீன் அமெரிக்க, ஆசிய வம்சாவளியினர், இவர்களைப் பற்றியவை மட்டும். அகலமான விளக்கமும் உண்டு: மதம், மாற்றுத்திறன், பாலினம், வட்டாரம், ஐரிஷ் குடியேறிகள், நவீன வசதிகளை ஒதுக்கி வாழும் ஆமிஷ் கிறிஸ்தவக் கிராமத்தார் என எல்லோரும் உள்ளே வரலாம். மிங்ஷுய் காய் என்ற ஆய்வாளர் 1990களில் எழுதியபோது, எல்லோரையும் உள்ளே விட்டால் எதற்காக இந்தச் சொல் வந்ததோ அந்த அநீதியே கண்ணில் படாமல் போய்விடும் என்று வாதிட்டார். எனக்கும் அது சரியாகவே படுகிறது, குறைந்தபட்சம் கணக்கெடுக்கும் வேலைக்கு. (ஆஸ்திரேலியாவில் ஒரு நூலகரிடம் மல்ட்டிகல்ச்சுரல் பகுதி எங்கே என்று கேட்டால் வேற்றுமொழிப் புத்தக வரிசையைக் காட்ட வாய்ப்பு அதிகம், அங்கே அந்தச் சொல் பெரும்பாலும் மொழியைத்தான் குறிக்கிறது. டொராண்டோ பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் எடுக்கிற பாட்டிக்கு அது எந்தக் கலாச்சாரப் புத்தகமும் கிடையாது, வெறும் புத்தகம்.)

இதெல்லாம் 60களில்தான் ஆரம்பித்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் நியூயார்க் பொது நூலகத்தில் இரண்டு பெண்கள் அதற்கு முன்பே கை வைத்துவிட்டார்கள். பூரா பெல்ப்ரே 1921-ல் வேலைக்குச் சேர்ந்த பியூர்ட்டோ ரிக்கோக்காரர். தான் கேட்டு வளர்ந்த நாட்டுப்புறக் கதைகளில் ஒன்றுகூட அலமாரியில் இல்லாததைப் பார்த்து, தானே சொல்லி, தானே எழுதி, 1932-ல் ஒரு கரப்பான்பூச்சிப் பெண்ணும் எலி மாப்பிள்ளையும் வரும் கதையைப் புத்தகமாகவே கொண்டுவந்துவிட்டார். அகஸ்டா பேக்கர் 1937-ல் ஹார்லெமின் 135-வது தெருக் கிளையில் சேர்ந்தார். சுற்றிலும் கறுப்பினக் குழந்தைகள், அலமாரியில் அவர்களைப் பற்றி இருந்ததோ கொச்சைப் பேச்சும் கோணல் படங்களும். பேக்கர் செய்தது எளிமையானது, கடினமானதும்கூட. மொழி, கரு, படம் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்து, ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, இது நிற்கும், இது போகும் என்று பிரித்தார். தேறியவை 1939-ல், கறுப்பினக் கவிஞர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் பெயரில் ஒரு நினைவுத் தொகுப்பாயின. அந்தப் பட்டியலைப் பிறகு பதிப்பாளர்களிடமும் கொண்டுபோனார். நல்ல புத்தகம் இல்லை என்றால் இருப்பதில் சுமாரானதை வாங்கி எண்ணிக்கையைக் காட்டுவது என்ற யோசனைக்கே அவர் போகவில்லை என்பதை இன்றைய நூலகர்கள் கொஞ்சம் கவனிக்கலாம்.

எண்ணிக்கை வந்தது 1965-ல். நியூயார்க்கில் ஒரு மழலைப் பள்ளியில் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, ஏன் எப்பவும் வெள்ளைக் குழந்தைங்களாவே இருக்காங்க என்று கேட்டாளாம். நான்சி லாரிக் என்ற கல்வியாளர் அந்தக் கேள்வியோடுதான் தன் கட்டுரையைத் தொடங்குகிறார். 1962 முதல் 1964 வரை வந்த 5,206 சிறுவர் புத்தகங்களைப் பற்றிப் பதிப்பாளர்களிடமே கேட்டுக் கணக்கெடுத்தார். ஏதாவது ஒரு கறுப்பு முகமாவது இருந்தவை 349. நூற்றுக்கு 6.7. அதிலும் பெரும்பகுதி வெளிநாட்டில் நடப்பவை அல்லது இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காலத்தவை. அன்றைய அமெரிக்காவில் வாழும் கறுப்பினக் குழந்தையைப் பற்றியவை 0.8 சதவீதம். கட்டுரையின் பலமே எனக்கு இந்த இரண்டாவது எண்ணில்தான் தெரிகிறது. வெறும் 6.7 என்று மட்டும் சொல்லியிருந்தால், சரி, அதைப் பத்தாக்குவோம் என்று கூட்டத்தில் பின்னால் ஒரு கறுப்பு முகத்தை வரைந்து சேர்த்திருப்பார்கள். சில பாடநூல் பதிப்பாளர்கள் அப்படித்தான் செய்தார்கள், வெள்ளைக் குழந்தையின் முகத்துக்கு மட்டும் வேறு வண்ணம் அடித்துவிட்டு.

அந்த மூன்று வருடத்துக்குள்தான் எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே' வருகிறது. 1962-ல் வந்தது, 1963-ல் படப் புத்தகங்களுக்கான கால்டிகாட் பரிசு. சிவப்புக் குளிராடை போட்ட கறுப்பினச் சிறுவன் பீட்டர் பனியில் விளையாடுகிறான், ஒரு பனி உருண்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான், அவ்வளவுதான் கதை. கீட்ஸ் புரூக்ளினில் வளர்ந்த யூதர், பெற்றோர் போலந்திலிருந்து வந்தவர்கள். புத்தகத்தில் எங்குமே அவன் கறுப்பினப் பையன் என்ற வார்த்தை கிடையாது, படத்தில்தான் தெரியும். இதையே குறையாகச் சொன்னவர்கள் இருந்தார்கள், லாரிக் உட்பட. அம்மாவின் பருத்த உருவமும் கட்டம் போட்ட உடையும் பழைய வேலைக்காரப் பெண் பிம்பத்தை நினைவூட்டுகின்றன என்ற விமர்சனமும் எழுந்தது. நியூயார்க் பொது நூலகம் 2020-ல் தன் 125 வருட வரலாற்றில் அதிகம் இரவல் போன புத்தகங்களின் பட்டியலை வெளியிட்டபோது முதலிடம் இதற்குத்தான், 4,85,583 முறை. ஆக, எல்லாத் தரப்புக் குழந்தைகளும் எடுத்துப் படித்த புத்தகம், பரிசு வாங்கிய புத்தகம், உலகத்தையே புரட்டிய புத்தகம், இருந்தும் ஒரு கறுப்பினத்தவர் கைபடாத புத்தகம். இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற சிறுவர் இலக்கிய ஆய்வாளர் இதற்கு ஒரு வழி காட்டினார். 1965 முதல் 1979 வரை வந்த 150 புத்தகங்களைப் படித்துவிட்டு 1982-ல் மூன்று வகையாகப் பிரித்தார். முதல் வகை, வெள்ளை வாசகரின் மனசாட்சியைத் தட்டுவதற்காக எழுதப்பட்டவை. கறுப்பினக் குழந்தை அதில் ஒரு பிரச்சினையாக வரும், பள்ளியில் சேர்ப்பதா வேண்டாமா என்று சுற்றி இருப்பவர்கள் விவாதிப்பார்கள். இரண்டாவது, தோல் நிறத்தைத் தவிர வேறெந்த வித்தியாசமும் இல்லாதவை. பீட்டரின் பனி நாள் இந்த வகைதான். மூன்றாவது, ஒரு கறுப்பினக் குடும்பத்துக்குள்ளிருந்து, அந்த வீட்டின் பேச்சு, உறவுமுறை, சாப்பாடு, பயம், நகைச்சுவை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க எழுதப்பட்டவை. 1990-ல் அவர் எழுதிய சிறு கட்டுரையைத்தான் இன்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்: புத்தகம் குழந்தைக்குக் கண்ணாடியாகவும் ஜன்னலாகவும் திறந்து உள்ளே போகிற கதவாகவும் இருக்கலாம் என்று. அழகான உருவகம், ஆனால் அலமாரியை நிரப்புகிறவருக்கு 1982-ன் மூன்று வகைதான் அதிகம் உதவும் என்பது என் கட்சி. கண்ணாடியா ஜன்னலா என்பது படிக்கிற குழந்தையைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். இந்த மூன்றில் எது என்பதைப் புத்தகத்தைப் படித்தே சொல்லிவிடலாம்.

இன்னொரு கணக்கு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் புத்தக மையத்தில் நடக்கிறது. மேடிசன் ஊரில் இருக்கிறது. பதிப்பாளர்கள் அனுப்பும் புதுப் புத்தகங்களை அங்கே உள்ளவர்கள் புரட்டிப் பார்த்துப் பதிவு செய்வார்கள். அதன் இயக்குநர் ஜின்னி மூர் க்ரூஸ் 1985-ல் கறுப்பின எழுத்தாளர்களுக்கான கொரெட்டா ஸ்காட் கிங் பரிசுக் குழுவில் இருந்தபோது, பரிசுக்குத் தகுதியாக வந்த புத்தகங்கள் இவ்வளவு குறைவா என்று அதிர்ந்துபோய் எண்ணிப் பார்த்தார்: அந்த வருடம் வந்த சுமார் 2,500-ல் 18. பிறகு வருடா வருடம் எண்ணினார்கள், 1994 முதல் மற்ற இனங்களையும் சேர்த்து. இந்த மையத்தின் நல்ல பழக்கம், 'பற்றியது' என்று ஒரு பத்தி, 'எழுதியது' என்று இன்னொரு பத்தி, இரண்டையும் கலக்காமல் வைத்ததுதான். 2013-ல் வந்த சுமார் 3,200 புத்தகங்களில் கறுப்பர்களைப் பற்றியவை 93, கறுப்பர்கள் எழுதியவை அல்லது வரைந்தவை 68. அந்த 93-ஐக் காட்டித்தான் 2014-ல் எழுத்தாளர் வால்ட்டர் டீன் மையர்ஸ் நியூயார்க் டைம்ஸில், சிறுவர் புத்தகங்களில் வெள்ளையரல்லாதவர்கள் எங்கே என்று கேட்டு எழுதினார். அதே வருடம், சிறுவர் புத்தகங்களில் எல்லாத் தரப்பும் வேண்டும் என்று கேட்கும் 'வீ நீட் டைவர்ஸ் புக்ஸ்' இயக்கம் பிறந்தது. 2018 புத்தகங்களின் முக்கியப் பாத்திரங்களை வைத்துப் போட்ட விகிதம் இன்னும் பிரபலம்: வெள்ளையர் 50 சதவீதம், விலங்குகளும் லாரி, பொம்மை போன்றவையும் 27, கறுப்பர் 10, ஆசியர் 7, லத்தீனோ 5, பூர்வகுடி 1. வெள்ளையரல்லாத எல்லோரையும் கூட்டினாலும் கரடியையும் முயலையும் எட்டவில்லை.

இந்த எண்கள் தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று அந்த மையத்தார் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பூர்வகுடிகளைப் பற்றிய புத்தகம் என்று கணக்கில் ஏறியது படுமோசமான புத்தகமாகவும் இருக்கலாம். பலர் இதைக் காதில் வாங்குவதே இல்லை.

சரி, 'எழுதியது யார்' என்பதையே அளவுகோலாக வைத்துவிட்டால் என்ன? அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. 'தி எஜுகேஷன் ஆஃப் லிட்டில் ட்ரீ' என்ற புத்தகம் 1976-ல் வந்தது, செரோக்கி பூர்வகுடித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்த அனாதைச் சிறுவனின் சுயசரிதை என்று சொல்லிக்கொண்டு. எழுதியவர் பெயர் பாரஸ்ட் கார்ட்டர். பின்னால் ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகம் மறுபதிப்பு போட, 1991-ல் அது நியூயார்க் டைம்ஸின் அ-புனைவு விற்பனைப் பட்டியலில் ஏறியது, புத்தகக் கடைக்காரர்கள் பரிசும் கொடுத்தார்கள். அந்த பாரஸ்ட் கார்ட்டரின் உண்மைப் பெயர் ஆசா கார்ட்டர். கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பைச் சேர்ந்தவர். அலபாமா கவர்னர் ஜார்ஜ் வாலஸ் 1963-ல் 'இனப் பிரிவினை என்றென்றும்' என்று முழங்கினாரே, அந்த உரையை எழுதியவர்களில் ஒருவர். விஷயம் 1976-லேயே வெளிவந்து அமுங்கிப்போய், 1991-ல் மறுபடி வெடித்ததும், பட்டியலில் புத்தகத்தை அ-புனைவிலிருந்து புனைவுக்கு நகர்த்தினார்கள், அவ்வளவுதான். கண்ணீர் மல்கப் படித்த ஆசிரியர்களும் நூலகர்களும் செரோக்கி வாழ்க்கையைப் பற்றி நல்ல ஜன்னல் என்று நம்பியிருந்தார்கள். பூர்வகுடி வாசகர்கள் அதில் வரும் சொற்களும் வழக்கங்களும் இட்டுக்கட்டியவை என்று சொன்னதை, அந்த ஆள் யார் என்பது தெரியும்வரை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு எரிச்சல் தருவது இந்த வரிசைதான். உள்ளடக்கத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கலாம்.

2015-ல் கொரின் டுய்விஸ் என்ற எழுத்தாளர் 'ஓன் வாய்ஸஸ்' என்ற ஹேஷ்டேகைத் தொடங்கினார், ஓரங்கட்டப்பட்ட பாத்திரத்தை அதே பின்புலம் உள்ளவரே எழுதிய புத்தகங்களைக் கண்டுபிடிக்க. நல்ல எண்ணம்தான். ஆனால் பதிப்பாளர்கள் அதை விளம்பர முத்திரையாக்கினார்கள், வாசகர்கள் எழுத்தாளரிடம் நீ உண்மையிலேயே அந்த ஆள்தானா, நிரூபி என்று கேட்க ஆரம்பித்தார்கள், சிலர் சொல்ல விரும்பாத அந்தரங்கங்களையெல்லாம் சொல்லவேண்டி வந்தது. 2021 ஜூனில் வீ நீட் டைவர்ஸ் புக்ஸ் அமைப்பு அந்தச் சொல்லையே கைவிட்டுவிட்டு, எழுத்தாளர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அதையே போடுவோம் என்று அறிவித்தது.

வாங்கிய பிறகு எங்கே வைப்பது என்பதும் இதே முடிவின் பாதிதான். வாஷிங்டனிலுள்ள கறுப்பினப் பல்கலைக்கழகமான ஹவார்டில் 1930 முதல் நூலகராக இருந்த டோரதி போர்ட்டர் மற்ற நூலகங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னது பிரசித்தம். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பில் கறுப்பர்களைப் பற்றியது எதுவானாலும் 325 அல்லது 326. ஒன்று குடியேற்றம், மற்றது அடிமை முறை. ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் கவிதைத் தொகுப்புகூட அங்கேதான் போகும், ஏனென்றால் அவர் கறுப்பர் என்று எல்லோருக்கும் தெரியும். போர்ட்டர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கவிதையைக் கவிதையிலும் வரலாற்றை வரலாற்றிலும் வைத்தார். சிறுவர் பகுதியில் அதே நோய் வேறு எண்ணில் வரும். பூர்வகுடிகள் தங்கள் உலகம் எப்படிப் பிறந்தது என்று சொல்லும் கதைகள் 398.2-ல், நாட்டுப்புறக் கதையாக, சிண்ட்ரெல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும். பைபிளின் ஆதியாகமம் மதம் என்ற பிரிவில், 222-ல். சிறுவர் ராமாயணம் சில நூலகங்களில் 294.5, சிலவற்றில் 398.2, வாங்கிப் போட்டவரின் கணிப்புப்படி. நிறைய நூலகங்கள் இதற்கெல்லாம் தீர்வாக முதுகில் உலக உருண்டைப் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டின. என்னைக் கேட்டால் அந்த ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். ஸ்டிக்கர் ஒட்டாத புத்தகமெல்லாம் வெறும் புத்தகம், ஒட்டியதெல்லாம் பிப்ரவரி மாதக் கறுப்பின வரலாற்றுக் கண்காட்சிக்கு எடுத்து வைப்பது என்று ஆகிவிடுகிறது. அந்தப் பாகுபாடு வாங்குகிறவரின் கணக்குப் புத்தகத்தில் இருக்கட்டும்.

வாங்குவது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லெண்ணம் எங்கே தொலைந்துபோகிறது என்று அங்கேதான் தெரியும். பெரும்பாலான நூலகர்கள் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதில்லை. கர்க்கஸ், ஸ்கூல் லைப்ரரி ஜர்னல், புக்லிஸ்ட், ஹார்ன் புக் போன்ற இதழ்களின் மதிப்புரைகளைப் பார்த்து, மொத்த விற்பனையாளரின் தளத்தில் டிக் அடித்து வாங்குகிறார்கள். மதிப்புரை வராத சிறு பதிப்பகப் புத்தகம் அவர்கள் கண்ணிலேயே படாது. பூர்வகுடிகளும் ஆசியர்களும் எழுதும் புத்தகங்கள் கணிசமாக வருவதோ அந்தச் சிறு பதிப்பகங்களில். மதிப்புரையிலும் ஒரு சூட்சுமம் இருந்தது: பாத்திரம் கறுப்பினத்தவராக இருந்தால் குறிப்பிடுவார்கள், வெள்ளையராக இருந்தால் எதுவும் சொல்ல மாட்டார்கள். கர்க்கஸ் 2010களின் நடுவில் வெள்ளைப் பாத்திரங்களையும் வெள்ளையர் என்றே குறிப்பிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. கேட்டால் சின்ன விஷயம். ஒரு வருட ஆர்டரை அலசிப் பார்க்கிறவருக்கு அது பெரிய உபகாரம்.

இப்போது இந்தியப் புத்தகங்களுக்கு வருவோம், நமக்கு நெருக்கமான அலமாரி. தன் கோபால் முகர்ஜி கல்கத்தாப் பக்கத்துக்காரர். ஒரு புறாவின் கதைக்காக 1928-லேயே சிறுவர் நூலுக்கான நியூபெரி பதக்கம் வாங்கினார். அதன் பிறகு நீண்ட காலத்துக்கு அமெரிக்கச் சிறுவர் நூலகத்தில் இந்தியா என்றால் பஞ்சதந்திரம், தீபாவளி, யானை, கல்யாணம். பண்டிகை, பலகாரம், பழங்கதை, இந்த மூன்றை வைத்தே ஒரு நாட்டை முடித்துவிடலாம் என்று நினைப்பது எல்லா இனத்துக்கும் நடந்ததுதான். தனித்தனியாக எடுத்தால் அந்தப் புத்தகங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை, தீபாவளிப் புத்தகம் நன்றாகவே இருக்கும். அலமாரியில் இந்தியா என்று இருப்பது அது ஒன்றுதான் என்றால் அப்போது அது பொய் சொல்ல ஆரம்பிக்கிறது. பத்தில் ஒன்றாக இருந்தால் தீபாவளி தீபாவளியாகவே இருக்கும். அதனால்தான் ஒரு புத்தகத்தைத் தனியாக எடுத்து வைத்து இது மல்ட்டிகல்ச்சுரலா என்று கேட்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வாழும் பத்மா வெங்கட்ராமன் எழுதிய 'தி பிரிட்ஜ் ஹோம்' சென்னையின் ஒரு பாழடைந்த பாலத்தில் வாழும் நான்கு தெருக் குழந்தைகளின் கதை. 2020-ல் வால்ட்டர் டீன் மையர்ஸ் பெயரிலான பரிசைப் பெற்றது. விஜி, ருக்கு, முத்து, அருள் என்று பெயர்களைப் படித்ததும் நியூஜெர்சித் தமிழ்ப் பிள்ளைக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் தனி அறையும் பியானோ வகுப்பும் உள்ள அந்தப் பிள்ளைக்கு இது கண்ணாடியா? பெயரும் ஊரும் கண்ணாடி, குப்பை பொறுக்கிப் பிழைப்பது ஜன்னல். அதே வகுப்பில், வீடில்லாமல் காரில் தூங்கும் வெள்ளைக்காரப் பையன் ஒருவன் இருந்தால் அவனுக்கு அந்த இரண்டும் நேர்மாறாகிவிடும். அமெரிக்கப் படிவத்தில் இது 'ஆசியர் எழுதியது, ஆசியரைப் பற்றியது' என்று இரண்டு பத்தியிலும் டிக் ஆகி முடிந்துவிடும். ஆசியர் என்ற அந்த ஒற்றைக் கட்டத்துக்குள் கொரியர், தென்கிழக்கு ஆசிய மலைவாழ் மக்களான மோங், பஞ்சாபி, தமிழர் எல்லோரும் அடக்கம். சாதி அதில் எங்கும் தெரியாது. அமெரிக்காவில் வெளியான இந்தியச் சிறுவர் புத்தகங்களில் பெரும்பாலானவை படித்த, நடுத்தர, மேல்சாதி இந்துக் குடும்பங்களின் பார்வையில் வருபவை. தலித் பாத்திரம் வந்தால் பிஷப் சொன்ன முதல் வகையில்தான் பெரும்பாலும் வரும், பிறர் மனசாட்சியைத் தட்டுகிற பிரச்சினையாக. அமெரிக்க நூலகருக்கு இது தெரிய வழியில்லை, அவர் படிவப்படி எல்லாம் சரியாக இருக்கிறது. தெரிந்த இந்தியப் பெற்றோர்களும் வாய் திறப்பதில்லை.

அப்புறம், 1994-ல் தொடங்கிய சென்னைப் பதிப்பகம் தாரா புக்ஸ், கோண்டு பழங்குடி ஓவியர்களைக் கொண்டு கையால் அச்சிட்டுப் போடும் படப் புத்தகங்கள் அமெரிக்க நூலகங்களிலும் கிடைக்கின்றன. இவை பன்முகக் கலாச்சாரமா, வெளிநாட்டு இலக்கியமா? கறாராகப் பார்த்தால் இரண்டாவது. அமெரிக்காவுக்குள் வாழும் சிறுபான்மையினரின் அனுபவம் வேறு, இந்தியாவுக்குள் வந்த புத்தகம் வேறு, முதலாவதை வாங்க வேண்டிய பணத்தில் இரண்டாவதை வாங்கிக் கணக்குக் காட்டக் கூடாது என்ற வாதம் நியாயமானது. நான் இதில் கொஞ்சம் தளர்வாக இருப்பேன், இரண்டையும் வாங்கலாம், தனித்தனிப் பத்தியில் எழுதினால் போதும்.

பட்டியல் போடுவதற்கு ஒரு விலை உண்டு என்பது 2020-க்குப் பிறகு தெரிந்தது. பென்சில்வேனியாவின் யார்க் வட்டாரத்தில் சென்ட்ரல் யார்க் பள்ளி மாவட்டம், ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பின், ஒரு குழு அமைத்து ஆசிரியர்களுக்கு உதவியாகப் பன்முகத்தன்மை நூல்களின் நீண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்தது. ரோசா பார்க்ஸ் பற்றிய படப் புத்தகம், மலாலாவின் மாயப் பென்சில், இப்படி. 2020 நவம்பரில் பள்ளி வாரியம் அந்தப் பட்டியலை மொத்தமாக நிறுத்தி வைத்தது. ஒவ்வொரு புத்தகத்தையும் படித்துப் பார்த்து ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை, பட்டியல் தயாராகக் கையில் கிடைத்தது, அதுவே தடைப் பட்டியலாயிற்று. மாணவர்கள் தினமும் பள்ளி வாசலில் நின்று போராடி 2021 செப்டம்பரில் அதை நீக்க வைத்தார்கள். ஸ்டிக்கர் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். பிரித்து வைத்ததைத் தூக்குவது சுலபம்.

தூக்குவதற்கு இன்னொரு வழி கழிப்பது. எல்லா நூலகமும் வருடா வருடம் கிழிந்ததையும் காலாவதியானதையும் யாரும் எடுக்காததையும் கழிக்கும், கழிக்காவிட்டால் புதியதற்கு இடமில்லை. டெக்சாஸ் மாநில நூலகம் உருவாக்கிய கழிக்கும் கையேட்டைத்தான் அமெரிக்கா முழுக்க வைத்திருக்கிறார்கள். அதே டெக்சாஸின் லானோ மாவட்டத்தில் 2021-ல் சில புத்தகங்களை எடுத்தபோது, வழக்கமாகக் கழிப்பதுதான் என்றது நிர்வாகம், உள்ளடக்கம் பிடிக்காமல்தான் எடுத்தீர்கள் என்றார்கள் வாசகர்கள். 2025 மே மாதம் டெக்சாஸும் அடங்கிய ஐந்தாவது வட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், நூலகம் புத்தகத்தை எடுப்பதைத் தகவல் பெறும் உரிமையைக் காட்டி வாசகர்கள் எதிர்த்து வழக்காட முடியாது என்று தீர்ப்பளித்தது.

அரசியல் இல்லாத இடத்திலும் கழிப்பது இந்தப் புத்தகங்களைத்தான் முதலில் தின்னும். இத்தனை வருடத்தில் எத்தனை முறை இரவல் போனது என்ற எண்ணை மட்டும் கணினியில் எடுத்தால், வெள்ளையர் 95 சதவீதம் உள்ள ஊரில் மோங் அகதிக் குழந்தையின் கதை அடியில்தான் நிற்கும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்று மெட்ராஸ் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் எழுதிய விதியை அமெரிக்க நூலகப் படிப்பிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த வாசகர் இன்னும் ஊருக்கு வரவில்லை என்றால் எவ்வளவு நாள் காத்திருப்பது என்று விதியில் இல்லை. பெரிய பதிப்பகத்தின் கரடிக் கதை கிழிந்தால் அடுத்த வாரமே புதுப் பிரதி வந்துவிடும். சிறு பதிப்பகம் சில ஆயிரம் பிரதி போட்டு நிறுத்திய புத்தகத்தைக் கழித்தால் பிறகு பணம் இருந்தும் வாங்க முடியாது. அதனால் விவரம் தெரிந்த நூலகர்கள் கழிக்கும் பட்டியலை வைத்துக்கொண்டு முதலில் பார்ப்பது, இது இன்னும் அச்சில் இருக்கிறதா என்றுதான். இல்லை என்றால் முதுகில் டேப் ஒட்டித் திரும்ப வைத்துவிடுகிறார்கள்.